உங்களுக்குத் தெரியுமா? – அடியில் தண்ணீர், மேலே குட்டி ஆலமரம்

● ‘ஃபைக்கஸ் ஜின்செங்’ என்று கடைகளில் விற்கும் போன்சாயின் பருத்த கால்கள் தண்டு அல்ல, வேர். தென் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் விதை போட்டு நிலத்தில் சில வருடம் வளர்த்து, கிழங்குபோல் வீங்கிய வேரை மண்ணுக்கு மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு தலையை வெட்டி, சிறிய இலை உள்ள இன்னொரு வகையை ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆகவே உங்கள் யன்னலில் நிற்பது பெரும்பாலும் ஒரு மரமல்ல, இரண்டு. ஒட்டுக்குக் கீழேயிருந்து பெரிய இலையோடு ஒரு கொப்பு விறுவிறுவென்று எழும்பினால் ‘நல்லாய் வளருது’ என்று சந்தோஷப்படாதீர்கள். அடிமரம் மேல்மரத்தை மிஞ்சப் பார்க்கிறது. உடனே நறுக்கிவிடுங்கள்.

● மேலே ஒட்டியதும் கீழே நிற்பதும் ஒரே இனம்தான். தாவரவியலில் ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா, தமிழில் கல் இச்சி. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள். இலங்கை, இந்தியா தொடங்கி ஒஸ்திரேலியா வரை தானாக முளைத்து வளரும் மரம். மொன்றியல் வீடுகளில் இது தாக்குப்பிடிப்பதற்கு முதல் காரணம், குளிர்காலத்தில் உறங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லாததுதான்.

● ஜூனிப்பர் போன்சாய்க்கு அந்தக் கட்டாயம் உண்டு. வருடம் ஒருமுறை குளிரில் உறங்காவிட்டால் அது பிழைக்காது. ஆனாலும் ‘வீட்டுக்குள் வைக்கலாம்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இதில் மோசமான விஷயம், ஜூனிப்பர் செத்த பிறகும் பல கிழமை பச்சையாகவே நிற்கும். வாங்கியவர் செத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதி அப்பார்ட்மென்ட் வாசிகளுக்கு என் ஒரே சிபாரிசு ஃபைக்கஸ்தான்.

● டிசெம்பர் 21-ந் திகதி மொன்றியலில் பகல் 8 மணி 42 நிமிடம். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணி நேரம். நீளம் மட்டுமல்ல, உயரமும் குறைவு. அன்று நடுமதியத்தில் யாழ்ப்பாணத்துச் சூரியன் வானில் 57 பாகை உயரத்தில் நிற்கும், இங்கே 21 பாகைதான். எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே வந்தால் பெரிய விஷயம். இந்த ஊரில் ஃபைக்கஸுக்கு முதல் பஞ்சம் வெளிச்சப் பஞ்சம். வெளிச்சம் குறைந்தால் இலை குறைவாக வேலை செய்யும், வேர் குறைவாகக் குடிக்கும். கீழே வரப்போகும் பாதி விஷயங்கள் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

● மொன்றியலில் தெருப் பலகை சொல்லும் ‘வடக்கு’ உண்மையில் வடமேற்கு! ஆற்றங்கரையை வைத்துத் தெருக்களைப் போட்டதால் வந்த குழப்பம். செயின்ட்-மிஷேலில் எண் போட்ட அவெனியூக்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது முக்கியம். அந்த வீடுகளின் யன்னல்கள் ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்று ஊரார் சொல்லும் திசைகளைப் பார்த்திருக்கும். உண்மையில் ஒன்று வடகிழக்கு, மற்றது தென்மேற்கு. வடகிழக்கு யன்னலில் குளிர்கால வெயில் அநேகமாக விழாது. தென்மேற்கு யன்னல் பொன்னானது. கைபேசியில் திசைகாட்டி இருக்கிறது. சாடி வைக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

● அடியில் தண்ணீர்த் தொட்டி உள்ள ‘செல்ஃப் வோட்டரிங்’ சாடிகளில் பெயர்பெற்ற லெச்சூசா, பிளேமொபில் விளையாட்டுப் பொம்மைகளைச் செய்யும் அதே ஜெர்மன் குழுமத்தின் தயாரிப்பு. பிள்ளைகளின் பிளாஸ்ரிக் கடற்கொள்ளையனும் உங்கள் பூச்சாடியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

● ஆனால் யோசனை பழையது. வாயைச் சுருக்கிய மண்பானையைச் செடியருகே புதைத்து, அது கசியும் நீரில் பயிர் வளர்ப்பதை, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் சீனாவின் ஃபான் ஷெங்ஜி எழுதிவைத்திருக்கிறார். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் மரக்கன்று நடும்போது, பானையின் அடியில் ஓட்டை போட்டுத் திரி செருகிப் புதைப்பார்கள். பானைப் பாசனம் என்பது அதற்குப் பெயர். இன்றைய சாடியில் பானை கீழே போயிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

● திரி எப்படித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது? பம்ப் எதுவும் இல்லை. நார்களுக்கு இடையிலும் மண் துகள்களுக்கு இடையிலும் உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். இங்கேதான் போன்சாய்க்காரர்களுக்கும் இந்தச் சாடிக்கும் சண்டை தொடங்குகிறது. போன்சாய் வளர்ப்பவர்கள் விரும்புவது பருக்கையான மண். ஜப்பானின் அக்கடாமா, எரிமலைக் கல், ப்யூமிஸ் என்று பருப்புப் பருப்பாகக் கலந்து, ஊற்றிய நீர் சலசலவென்று ஓடிவிட வேண்டும் என்பார்கள். அந்த மண்ணில் இடைவெளி பெரிது. நீர் அரைவிரல் உயரம் ஏறி நின்றுவிடும். மேல் வேர் காய்ந்து கிடக்க, கீழே தொட்டி நிறைந்திருக்கும். ‘தொட்டியில் தண்ணீர் இருக்கிறதே, மரம் ஏன் வாடுது?’ என்ற கேள்விக்கு அநேகமாக இதுதான் பதில்.

அதற்காகக் களிபோன்ற நுண்மண்ணை நிரப்பினால் எதிர்த்திசையில் தொல்லை. வேருக்கு நீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். துளைகள் எல்லாம் நீரால் நிறைந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். நடுவழி ஒன்று உண்டு. சாதாரண பூச்சாடி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட்டோ சிறு ப்யூமிஸோ கலந்தால், நீரும் ஏறும், காற்றும் இருக்கும்.

● ஆழம் குறைந்த சாடியில்தான் ஈரம் அதிகம் தேங்கும். தலைகீழாகத் தோன்றுகிறதா? குசினியில் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்து, தட்டையாகப் பிடியுங்கள். சொட்டி முடியும் வரை காத்திருங்கள். சொட்டு நின்றதும் அதை அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி கடகடவென்று நீர் வடியும். ஸ்பொஞ்ச் அதேதான், நீரும் அதேதான், உயரம் மட்டும் மாறியது. சாடியிலும் அடிப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மண் நீரை விடாமல் பிடித்து வைக்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் வகை, சாடியின் ஆழம் அல்ல. ஆழமான சாடியில் அது அடியில் ஒரு துண்டு. தாம்பாளம் போன்ற போன்சாய்ச் சாடியில் அது ஏறக்குறைய முழு மண்ணும். ஆகவே அடித்தொட்டி வேண்டுமென்றால் சற்று ஆழமான சாடியாகவே வாங்குங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

● கனடா முழுக்க விற்கும் ப்ரோ-மிக்ஸ் பூச்சாடி மண், கியூபெக்கின் ரிவியேர்-து-லூவில் உள்ள பிரீமியர் டெக் நிறுவனத்தினுடையது. அந்த நிறுவனம் 1923-இல் தொடங்கியது. கலவையின் பெரும்பகுதி பீட் பாசி, அதாவது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடமாகப் படிந்த பாசி. ஈரமாக இருக்கும்வரை திரி வேலைக்கு இதைவிட நல்ல மண் இல்லை. ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் நிலைமை தலைகீழ். நீரை ஒட்டவே விடாது, சாடியின் ஓரத்தால் வழுகி ஓடும். விடுமுறைக்கு றொறன்ரோ போய்த் திரும்பும்போது அப்படிக் காய்ந்திருந்தால் மேலேயிருந்து ஊற்றிப் பயனில்லை. சாடியோடு ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள்.

● புதிதாக மாற்றி நட்ட மரத்துக்கு முதல் சில கிழமைகள் தொட்டி பயன்படாது. வேர் இன்னும் கீழே இறங்கியிருக்காது. அதுவரை பழையபடி மேலேயே ஊற்றவேண்டும். சாடியோடு வரும் தாளில் இது பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

● திரி தேர்வு: பருத்திக் கயிறு வேண்டாம், சில மாதத்தில் மக்கிவிடும். நைலோன் அல்லது பொலியெஸ்டர் கயிறு வருடக்கணக்கில் நிற்கும்.

● ஃபைக்கஸ் வேர் தண்ணீரைத் தேடிப் போவதில் கெட்டிக்காரி. ஊரில் கிணற்றுச் சுவரைப் பிளந்த ஆல் வேரைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வருடம் கழித்து உள்சாடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். திரி செருகிய ஓட்டை வழியாக மஞ்சள் வெள்ளை நிறத்தில் நூல் நூலாக வேர் இறங்கி, தொட்டிக்குள் பின்னல்போல் சுற்றியிருக்கும். நீர்மட்டம் காட்டும் சிவப்பு மிதவையையும் சில சமயம் இறுக்கிப் பிடித்திருக்கும். தொட்டி காலியானாலும் மிதவை ‘நிறைந்திருக்கிறது’ என்று பொய் சொல்வதற்கு இது ஒரு காரணம். அந்த வேர்களை வெட்டிவிடலாம், மரம் சட்டை செய்யாது. மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டினாலும் தாங்கும் மரம் இது. ஆனால் அந்த வேலையை ஜூனில் செய்யுங்கள், ஜனவரியில் செய்யாதீர்கள்.

● செயின்ட்-மிஷேல் குழாயில் வருவது செயின்ட் லோரன்ஸ் ஆற்று நீர். நடுக்குளிரில் அது கிட்டத்தட்ட உறைநிலைக் குளிரோடு சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைகிறது. அதே குளிர் நீரை நேரே தொட்டியில் ஊற்றி, சாடியைக் குளிர்ந்த யன்னல் கல்லில் வைத்தால், வெப்பநாட்டு வேர் ஐஸில் கால் வைத்து நிற்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேரழுகல் நிச்சயம். முதல் நாள் இரவே ஒரு போத்தலில் பிடித்து வைத்து மறுநாள் ஊற்றுங்கள். சாடிக்கு அடியில் ஒரு மரத்துண்டோ தடித்த கார்ட்போர்டோ வையுங்கள்.

● கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளுக்குச் சூடு மின்சாரத்தால் வருகிறது. சுவரோரம் நீளமாக ஓடும் பேஸ்போர்ட் ஹீற்றரை எங்கே பொருத்துவார்கள்? நேராக யன்னலுக்குக் கீழே, வெளிச்சத்துக்காக நீங்கள் மரத்தை வைத்த அதே இடத்தில். இலைக்கு அடியிலிருந்து வறண்ட அனல், இலைக்குப் பின்னால் குளிர்க் கண்ணாடி. பெப்ரவரி மாத வீட்டுக் காற்றில் ஈரப்பதம் 30 வீதத்துக்கும் கீழே போவது சாதாரணம். ஸ்ப்ரே போத்தலால் நாளுக்கு இரண்டு தரம் விசிறுவதை நான் வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்பேன். சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். ஹீற்றருக்கு மேலே அகலமான பலகை ஒன்று வைத்து அனலை அறைப்பக்கம் திருப்புவது அதைவிடப் பயன்.

● காற்று வறண்டால் சிலந்திப்பேன் வரும். இலையின் அடியில் மெல்லிய வலையும் பொட்டுப் பொட்டான வெளிறலும் அடையாளம். மருந்து முதலில் வேண்டாம். குளியலறை ஷவரில் இலையின் இரு பக்கமும் கழுவுங்கள், சில நாள் விட்டு மறுபடி கழுவுங்கள். ஆனால் சில ஃபைக்கஸ் இலைகளின் மேற்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் பயப்படாதீர்கள். அது பூச்சியல்ல. இலையின் நீர்த்துளைகள் வழியே கசிந்த நீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு.

● மேல் மண்ணிலும் சாடி விளிம்பிலும் வெள்ளை உப்புப் படிவது இந்தச் சாடிகளின் பிறவிக் குணம். நீர் எப்போதும் கீழிருந்து மேலே போகிறது. மேலே போய் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உரமும் எங்கே போகும்? அங்கேயே தங்கும். மாதம் ஒருமுறை சாடியை சிங்கில் வைத்து, தொட்டியின் அடைப்பைத் திறந்து, மேலேயிருந்து தாராளமாக நீர் ஊற்றிக் கழுவி விடவேண்டும். உரம் போடுவதானால் புட்டியில் எழுதிய அளவில் கால் பங்கு போதும், குளிர்காலத்தில் அதுவும் வேண்டாம்.

இதற்கு ஒரு பிரதிபலனும் உண்டு. மேல்மண் காய்ந்தே இருப்பதால், ஈரமண்ணில் முட்டையிடும் அந்தக் கறுப்புப் பொடிப் பூச்சிகள் குறைவு. தேநீருக்குள் விழுந்து தொல்லை தருகின்றனவே, அவைதான்.

● 2007-இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் நடுவே ஒரு கொங்கிறீட் முற்றம் காய்கறித் தோட்டமாக மாறியது. மண்ணே இல்லாத இடத்தில் அதைச் சாத்தியமாக்கியவை அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த பெட்டிகள். அல்தெர்நாதீவ் என்ற அமைப்பும், முதியோருக்கு வீடு தேடி உணவு கொண்டுபோகும் சாந்த்ரோபோல் ரூலானும் சேர்ந்து செய்த வேலை. விளைந்தது ரூலானின் சமையலறைக்கே போனது. இந்த ஊர்ப் பல்கனிகளில் தக்காளி, கத்தரி வளர்ப்பவர்கள் பலர் வைத்திருப்பதும் அதே தத்துவத்தில் இயங்கும் பெட்டிதான். ஆனால் தக்காளிக்குப் பொருந்துவது அப்படியே போன்சாய்க்குப் பொருந்தாது. ஓகஸ்ட் மாதத் தக்காளி எவ்வளவு கொடுத்தாலும் குடித்து முடிக்கும். யன்னலோர ஃபைக்கஸ் அப்படியல்ல.

● 20 வாட் எல்.ஈ.டி. வளர்விளக்கு ஒன்றை நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் மாதம் எவ்வளவு வரும்? ஹைட்ரோ-கியூபெக்கின் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 சதம். கணக்குப் போட்டால் மாதம் 60 சதம், ஒரு கோப்பிக்குக்கூடக் காணாது. மின் ஹீற்றர் உள்ள வீட்டில் அந்த விளக்கின் சூடும் அறைக்குள்ளேயே தங்குவதால் அதுவும் முழுச் செலவல்ல. விளக்கு எரியும் வீட்டில் மரம் குளிர்காலத்திலும் வளரும், தொட்டியும் தொடர்ந்து வேலை செய்யும். ஈரமானிகள், ஸ்ப்ரேக்கள், ‘போன்சாய் டொனிக்’ என்று வாங்குவதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் விளக்கை வாங்குங்கள்.

● செயின்ட்-மிஷேலிலிருந்து பீ-நெஃப் தெருவால் கீழே போகும் பஸ்ஸில் ஏறினால், ஷெர்புரூக் சந்தியில் மொன்றியல் தாவரவியல் பூங்கா. அருட்சகோதரர் மரி-விக்தொரான் 1931-இல் நிறுவியது, 75 ஹெக்டேர். அங்குள்ள சீன பென்ஜிங் மரங்கள், சீனாவுக்கு வெளியே அபூர்வமான ஒரு தொகுப்பு. ஜப்பானியர் போன்சாய் என்று வளர்த்தெடுத்த கலைக்கு மூத்தது பென்ஜிங். ஹொங்கொங்கில் விங் லுங் வங்கியை நிறுவிய வூ யீ-சுன், தன் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த மரங்களை 1980-களில் இந்தப் பூங்காவுக்குக் கொடுத்தார். வங்கிக்காரரின் கொடை என்றதும் காசோலையை நினைப்போம். இவர் கொடுத்தது கையால் நறுக்கி நறுக்கி வளர்த்த உயிர் மரங்களை.

அவர் வழி லிங்னான் மரபு. கம்பி சுற்றி வளைப்பது இதில் முக்கியமல்ல. கொப்பை வளரவிட்டு, வெட்டி, அடுத்த மொட்டு எந்தத் திசையில் கிளம்புகிறதோ அந்தத் திசையில் மறுபடி வளரவிட்டு, மறுபடி வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டிலும் கொப்பு ஒரு கோணம் திரும்பும். கிட்டப்போய்ப் பாருங்கள். கொப்பு முழங்கை முழங்கையாக மடிந்து, நுனிக்குப் போகப்போக மெலிந்திருக்கும். கம்பியால் வளைத்த கொப்பில் அந்த மெலிவு வராது. சூடான குவாங்டொங் மாகாணத்தில் பிறந்த முறை என்பதால், வேகமாகத் துளிர்க்கும் ஃபைக்கஸுக்கு இதைப்போல் பொருந்தும் முறை வேறில்லை. கம்பி வாங்க வேண்டாம், ஒரு நல்ல கத்தரிக்கோல் போதும். பூங்காவின் ஜப்பானியத் தோட்டம் 1988-இலும் சீனத் தோட்டம் 1991-இலும் திறக்கப்பட்டவை.

● செயின்ட்-மிஷேல் 1968 வரை தனி நகரம். அதன் நடுவே இருந்த மிரோன் சுண்ணாம்புக் கற்குழி பிறகு நகரத்தின் குப்பை மேடானது. இன்று அது 150 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பூங்காவாக மாறிவருகிறது. புல்வெளியில் முட்டை முட்டையாக நிற்கும் வெள்ளை உருண்டைகள் அலங்காரமல்ல. கீழே புதைந்த குப்பையிலிருந்து எழும் வாயுவைப் பிடிக்கும் கிணறுகளின் மூடிகள். பூங்காவின் பெயர் ஃபிரெடெரிக் பாக். மரம் நட்டுக்கொண்டே இருந்த ஒரு மனிதனின் கதையைச் சித்திரப் படமாக்கி 1988-இல் ஒஸ்கார் வாங்கியவர்.

● கியூபெக்கில் வீட்டுக் குத்தகைகள் பெரும்பாலும் ஜூன் 30-இல் முடியும். ஜூலை 1 ஊரே வீடு மாறும் நாள். வீடு மாறிய ஃபைக்கஸ் இரண்டு மூன்று கிழமைக்குள் இலையைக் கொட்டும். நோயல்ல, புதிய வெளிச்சத்துக்கு ஏற்றபடி பழைய இலையைக் கழற்றிப் புது இலை போடுகிறது. அந்த நேரத்தில் பதறிப்போய்த் தொட்டியை நிரப்புவதுதான் பலரும் செய்வது. இலை இல்லாத மரம் குடிக்காது! நிரப்பாமல், விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றினால் ஒரு மாதத்தில் துளிர்க்கும்.

● ஜனவரியில் மரம் வாங்கினால் கடைவாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடப்பதே கண்டம். மைனஸ் 20-இல் சில நிமிடம் போதும், இலை கறுக்க. கடையில் இரண்டு சுற்றுக் காகிதம் கேளுங்கள்.

● வெட்டினால் வரும் வெள்ளைப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் கையுறை போடவேண்டும். பூனை, நாய் கடித்தால் வாயும் வயிறும் எரியும். வெட்டிய இடத்தில் கொஞ்சம் நீர் தெளித்தால் பால் நிற்கும்.

● உங்கள் போன்சாயில் பட்டாணி அளவில் பழம் பிடித்தால் அதிசயமில்லை. ஆனால் அந்தப் பழத்தில் முளைக்கும் விதை இருக்காது. இந்த இனத்தின் பூக்கள் பழத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்ப்பது ஒரே ஒரு வகைச் சிறு குளவி. மொன்றியல் அப்பார்ட்மென்டில் அந்தக் குளவிக்கு எங்கே போவது?

● சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் பெரிய ஆலமரம், 1989-இல் புயலில் தாய்த்தண்டு சாய்ந்த பின்னும் உயிரோடு நிற்கிறது. விழுதுகளே தண்டாகிவிட்டதால். போன்சாய் இச்சிக்கும் விழுது விடத் தெரியும், காற்றில் ஈரம் இருந்தால் மட்டும். மொன்றியல் வீட்டில் அது நடக்க வேண்டுமானால், கோடையில் மரத்தை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்ளோ தெளிந்த பிளாஸ்ரிக் பைக்குள்ளோ வைத்து ஈரத்தைப் பூட்டவேண்டும். விழுது மண்ணைத் தொட்டதும் தடிக்கத் தொடங்கும். ஒன்றையொன்று தொடும் இரண்டு விழுதுகள் தாமாகவே ஒட்டி ஒன்றாகிவிடும்.

● ‘ஆலும் அரசும் வீட்டுக்குள் ஆகாது’ என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. ஊரில் அதற்கு நியாயம் இருந்தது. காகம் போட்ட ஒரு விதை சுவர் வெடிப்பில் முளைத்தால் வீடு போச்சு. சாடிக்குள் இருக்கும் வேர் சுவரை ஒன்றும் செய்யாது. அம்மம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள், ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

● ஊரிலிருந்து ஒரு ஆலங்கன்றை மண்ணோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? முடியாது. இலங்கை, இந்திய மண்ணைக் கனடாவுக்குள் கொண்டுவருவதற்குத் தடை. மண்ணில்லாத செடிக்கும் இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், அபராதமும் வரலாம்.

● ‘ஃபைக்கஸ் வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும், நாசாவே சொல்லிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வரும். 1989-இல் நாசா செய்தது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த பரிசோதனை. அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் 2019-இல் மறுபடி கணக்குப் பார்த்தவர்கள், யன்னலைத் திறப்பதற்கு ஈடாகவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்றார்கள். அழகுக்கு வளருங்கள், அது போதும்.

● இத்தாலியின் மிலான் நகருக்குப் பக்கத்தில், பராபியாகோவில் உள்ள கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகம், தன்னிடமுள்ள ஃபைக்கஸுக்கு ஆயிரம் வயது என்கிறது. பிறப்புச் சான்றிதழ் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் படத்தைத் தேடிப் பாருங்கள், தண்டு மிரட்டும்.

● இரவில் 12 பாகைக்குக் கீழே இறங்காது என்று தெரிந்ததும், மொன்றியலில் அநேகமாக ஜூன் தொடக்கத்தில், மரத்தைப் பல்கனிக்குக் கொண்டுபோகலாம். முதல் கிழமை நிழலில். செப்டெம்பர் நடுவில் உள்ளே. வெளியே வைக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று, தொட்டியின் பக்கவாட்டில் உள்ள வடிகால் அடைப்பைக் கழற்றுவது. கழற்றாவிட்டால் ஒரு ஜூலை மழையில் சாடி கிணறாகிவிடும். தேங்கிய நீரில் நுளம்பும் முட்டையிடும்.

● கடைசியாக, இந்தச் சாடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம்: அதற்கு மாதம் தெரியாது. ஜூலையிலும் ஜனவரியிலும் ஒரே மாதிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கும். ஜூலையில் மரம் குடித்துவிடும். ஜனவரியில் குடிக்காமல் ஈரத்தில் நிற்கும், பெப்ரவரியில் இலை மஞ்சளாகும், ‘தண்ணீர் போதவில்லை போல’ என்று நீங்கள் மறுபடி நிரப்புவீர்கள். செயின்ட்-மிஷேல் யன்னல்களில் குளிர்காலத்தில் சாகும் ஃபைக்கஸ்களைக் கொல்வது அநேகமாகக் குளிரல்ல, இந்தத் தொட்டிதான். ஆகவே வளர்விளக்கு இல்லாத வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறோமல்லவா, அன்றே தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னால் திருப்பும் வரை, விரலின் முதல் கணு ஆழத்துக்கு மண் காய்ந்த பிறகு மட்டும் மேலேயிருந்து ஊற்றுங்கள். அன்று தொட்டியை மறுபடி நிரப்பலாம்.